புரையேறாத உறக்கம்

அறுவை மருத்துவத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் ஒருவரிடம், முதல் நாள் மாலையில் செவிலியர் வந்து, இன்ன நேரத்துக்குப் பிறகு ஒன்றும் உண்ணலாகாது, இன்ன நேரத்துக்குப் பிறகு நீரும் அருந்தலாகாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். கட்டிலருகே அமர்ந்திருக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ அந்தச் சொல் மனத்தில் ஒட்டுவதில்லை. நம் வீடுகளில் அன்பு என்பது பெரும்பாலும் ஊட்டுவதாகவே வெளிப்படுகிறது. "வெறும் வயிற்றோடு பிள்ளை எப்படித் தாங்கும்? ஒரு வாய்ப் பால்தானே!" என்று எண்ணி, விடியற்காலையில் யாரும் காணாத வேளையில் ஒரு தம்ளர் பாலைப் புகட்டிவிடுகிறார்கள். பிறகு மருத்துவர் வந்து கேட்கும்போது, உண்மையைச் சொன்னால் அறுவையைத் தள்ளிப் போட்டுவிடுவார்களே என்னும் அச்சத்தால், "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று விடை வருகிறது. அன்பினால் செய்த செயல். அச்சத்தினால் சொன்ன பொய். இரண்டும் சேர்ந்து ஓர் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அறியாதது அவர்கள் குற்றமன்று. கட்டளை வந்தது, காரணம் வரவில்லை. அந்தக் காரணம் யாது என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம்.

உண்ணும்போது பேசினாலோ சிரித்தாலோ நமக்குப் புரையேறுகிறது. யாரோ நம்மை நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். நினைப்பவர் யாராயினும் ஆகுக. உடலுக்குள் நடப்பது இதுதான். தொண்டையின் அடியில் இரண்டு குழல்கள் தொடங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல்; அதன் பின்னால் இருப்பது உணவுக்குழல். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலெழும்பி, மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்கிறது. உணவு பின்வழியே இறங்குகிறது. இந்த ஒழுங்கு சற்றே தவறி, ஒரு பருக்கையோ ஒரு துளி நீரோ மூச்சுக்குழலின் வாயிலைத் தொட்டுவிட்டால், அந்தக் கணமே உடல் வெகுண்டெழுகிறது. கண்ணில் நீர் பெருக, முகம் சிவக்க, வழிதவறி வந்த பொருள் வெளியேறும் வரையில் இருமல் ஓய்வதில்லை. நமக்குத் தொல்லையாகத் தோன்றும் இந்தப் புரையேறுதல், உண்மையில் நுரையீரலின் வாயிற்காவல் ஆகும்.

நாம் உறங்கும்போதும் இக்காவல் முற்றிலும் நீங்குவதில்லை. உறக்கத்தில் எச்சில் வழிதவறினால் இருமிக்கொண்டே விழித்துக்கொள்கிறோம். மயக்க மருந்தால் வருவதோ உறக்கமன்று. "தூங்குவதற்கு ஊசி போடுவார்கள்" என்று சிறு குழந்தைக்கு ஆறுதல் சொல்லலாம்; மாணவர்கள் அதனை அப்படியே நம்பிவிடலாகாது. உறங்குபவரைத் தட்டி எழுப்பலாம். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரைக் கத்தியின் கூர்மையும் எழுப்பாது. அதுதானே அம்மருந்தின் பயன்! ஆனால், வலியை உணராதவாறு செய்யும் அதே மருந்து, இருமுவதையும் விழுங்குவதையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசைவளையமும் தளர்ந்துபோகிறது. அப்போது இரைப்பையில் உணவு இருந்தால், அது ஓங்கரிப்புக்கூட இல்லாமல், ஓசையின்றி மேலேறித் தொண்டைக்கு வந்துவிடக்கூடும். அங்கிருந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் புரையேறாது. காவலன் கட்டுண்டு கிடக்கிறான், கதவு திறந்திருக்கிறது.

மயக்க மருந்தின் வரலாறு தொடங்கிய காலந்தொட்டே இந்த ஐயம் உடன் வந்திருக்கிறது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் பலர் காண ஈதரைக் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கமுறச் செய்தார். கழுத்திலிருந்த கட்டியொன்று வலியின்றி அறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். அதன் பின் மூன்று மாதங்கூட ஆகவில்லை. 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகே, ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால் விரலின் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் கொடுக்கப்பட்டு இறந்துபோனாள். அவளைத் தெளிவிக்க நீரும் பிராந்தியும் வாயில் ஊற்றினார்கள். மருந்தால் இதயம் நின்றதே காரணம் என்றார் ஜான் ஸ்நோ. விழுங்க இயலாத நிலையில் ஊற்றிய நீர் மூச்சை அடைத்ததே காரணம் என்றார் சிம்ப்சன். தாம் கொண்டுவந்த மருந்தைக் காப்பாற்றும் எண்ணம் சிம்ப்சனுக்கு இருந்திருக்கலாம். இருப்பினும், மயங்கிக் கிடப்பவர் வாயில் நீர் ஊற்றுவது தீங்கு என்று அவர் சுட்டிக் காட்டியது உண்மையே.

தீங்கின் முழு உருவத்தையும் வரைந்து காட்டியவர் நியூயார்க் நகரத்து மகப்பேற்று மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரையில் தம் மருத்துவமனையில் நிகழ்ந்த 44,016 பேறுகளின் குறிப்பேடுகளை அவர் புரட்டிப் பார்த்தார். அவற்றுள் 66 பெண்களுக்கு, மயக்கத்தின்போது இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் சென்றிருந்தது. இருவர், திட உணவு மூச்சுவழியை அடைத்துக்கொண்டதால் மாண்டனர். மற்றவர் பலருக்கு உட்சென்றது நீர்ம உணவே; ஆயினும் அவர்கள் ஈளை நோயாளிகளைப் போல மூச்சுத் திணறினர். அடைப்பே இல்லாதபோது திணறல் எங்கிருந்து வந்தது? மெண்டல்சன் முயல்களைக் கொண்டு சோதித்தார். இரைப்பை நீரில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான் நுரையீரலைப் புண்ணாக்குகிறது; அமிலத்தன்மையை நீக்கிவிட்டால் அத்தகைய தீங்கு நேர்வதில்லை என்று கண்டார். உணவைச் செரிக்கச் செய்வதற்காக இயற்கை அமைத்த அமிலம், இரைப்பையின் தடித்த உட்சுவருக்குள் இருக்கும் வரையில் நன்மை. நுரையீரலின் மெல்லிய காற்றறைகளைத் தொட்டால் நெருப்பு. 1946இல் வெளிவந்த இவ்வாராய்ச்சிக்குப் பிறகு, நள்ளிரவு முதல் வாயில் ஒன்றும் படலாகாது என்னும் விதி மருத்துவமனைகள்தோறும் வேரூன்றியது.

விதி நல்லதுதான். ஆனால் உணவுக்கும் நீருக்கும் ஒரே தண்டனை விதிப்பது முறையா? இதற்கு விடை காண, நாம் இன்னும் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. படை மருத்துவர் வில்லியம் போமாண்ட் அவனைப் பிழைக்கவைத்தார். ஆனால் இரைப்பைக்குள் நேரே திறந்த துளையொன்று ஆறாமலே நின்றுவிட்டது. 1825இல் போமாண்ட் அத்துளையின் வழியே சோதனைகளைத் தொடங்கினார். இறைச்சித் துண்டையும் ரொட்டித் துண்டையும் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கிவைத்து, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். தூண்டிலிட்டவன் மீனைப் பார்ப்பது போன்ற காட்சி! அந்த இளைஞன் பாடுதான் இரங்கத்தக்கது. அவன் ஒருமுறைக்கு மேல் சலித்துக்கொண்டு ஓடியும் போனான். 1833இல் போமாண்ட் வெளியிட்ட நூலில் கண்ட உண்மைகளுள் நமக்கு வேண்டுவன மூன்று. நீர் இரைப்பையில் தங்குவதில்லை. உட்கொண்ட சிறிது நேரத்திலேயே குடலுக்கு இறங்கிவிடுகிறது. கொழுப்பு மிக்க உணவு நெடுநேரம் தங்குகிறது. சினம் முதலிய மனக் கொந்தளிப்புகள் செரிமானத்தைக் குலைக்கின்றன.

எனவே, நீரையும் சோற்றையும் ஒன்றாக எண்ணுவது பிழை. அறுவை மருத்துவத்தில் கிருமி நீக்க முறையைத் தோற்றுவித்த ஜோசப் லிஸ்டர் இதனை 1883ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார். குளோரோபாரம் கொடுக்கும்போது இரைப்பையில் திடப்பொருள் இருத்தலாகாது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் தருவது நன்மையே என்பது அவர் கருத்து. பிற்காலத்தார் இதனை மறந்து, நீரையும் மறுத்தனர். 1986இல் கனடா நாட்டுக் கால்கரி நகரத்து மருத்துவர்கள், அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சிலருக்கு 150 மில்லிலிட்டர் நீர் கொடுத்துப் பார்த்தார்கள். நீர் அருந்தியவர்களின் இரைப்பையில் மிஞ்சியிருந்த நீர்மம், ஒன்றும் அருந்தாதவர்களிடம் இருந்ததைக் காட்டிலும் குறைவாகவே இருந்தது. நீர் தானும் இறங்கி, தன்னோடு இரைப்பை நீரையும் அழைத்துச் சென்றிருக்கிறது!

இத்தகைய சான்றுகள் குவிந்த பின்னர், 1999இல் அமெரிக்க மயக்க மருந்து வல்லுநர் சங்கம் ஒரு கால அளவை வகுத்தது. இன்று பல நாடுகளிலும் ஏறத்தாழ அதுவே வழக்கு. தெளிந்த நீர்மங்களுக்கு இரண்டு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, பிற பாலுக்கும் எளிய உணவுக்கும் ஆறு, எண்ணெயில் பொரித்ததும் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. தெளிந்த நீர்மம் என்பது கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் மறுபுறம் தெரிவது. நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுவே. காப்பியும் நீர்தானே, மோரும் நீர்தானே என்பர். பால் கலந்த காப்பி நீரன்று. பால் இரைப்பையை அடைந்ததும் அமிலத்தால் திரிந்து கட்டியாகிவிடுகிறது. குடிக்கும்போதுதான் அது நீர், உள்ளே போனபின் உணவு. கஞ்சியும் உணவே. பால் சேராத தேநீரானால் நீர் வரிசையில் நிற்கும்.

மிகையான பட்டினியும் தீங்கே என்பதை இங்குச் சொல்லியாகவேண்டும். காலை எட்டு மணிக்கு என்று குறித்த அறுவை பிற்பகலுக்குத் தள்ளிப் போவதுண்டு. நள்ளிரவிலிருந்து துளி நீருமின்றிக் கிடக்கும் குழந்தை அழுது அழுது வாடிவிடும். நரம்பில் ஊசி செலுத்துவதும் கடினமாகும். ஐரோப்பிய வல்லுநர்கள், குழந்தைகளுக்குத் தெளிந்த நீர் ஒரு மணி நேரத்துக்கு முன்வரை தரலாம் என்று 2022இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆதலால், நேரம் மாறிவிட்டதென்று தெரிந்தால், "இன்னும் எவ்வளவு நேரம் வரையில் நீர் கொடுக்கலாம்?" என்று செவிலியரை வாய்விட்டுக் கேட்பதே முறை. தாமாகக் கொடுப்பதும் தவறு. கேளாமல் வாளாவிருப்பதும் தவறு.

மேற்சொன்ன கணக்கெல்லாம் நலமாக இருந்து, நாள் குறித்து அறுவைக்கு வருபவர்களுக்கே பொருந்தும். இரைப்பை எல்லாரிடத்தும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை. நெடுநாள் நீரிழிவு நோயுள்ளவர்க்கு இரைப்பையின் நரம்புகள் சோர்ந்து, உணவு தேங்கி நிற்பதுண்டு. நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் இக்காலத்தில் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமகுளுடைட் போன்ற ஊசி மருந்துகளும் இரைப்பையை மெல்ல இயங்கச் செய்கின்றன. மகப்பேற்று வலி தொடங்கிய பெண்ணுக்கும், விபத்தில் அடிபட்டவர்க்கும் செரிமானம் பெரிதும் தடைப்படுகிறது. எலும்பு முறிந்த சிறுவன் விபத்துக்குச் சற்று முன் உண்ட உணவு, பல மணி நேரம் சென்ற பின்னும் இரைப்பையிலேயே கிடக்கலாம். நம் ஊர்களில் சாலையில் யாரேனும் அடிபட்டு விழுந்தால், இரக்கமுள்ளவர்கள் ஓடிவந்து முதலில் செய்வது சோடா உடைத்து வாயில் ஊற்றுவது. நல்ல நெஞ்சம், தீய பழக்கம். அடிபட்டவருக்குச் சற்று நேரத்தில் அறுவை தேவைப்படலாம். நினைவு தடுமாறியிருந்தால் அந்தச் சோடாவே மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். குருதி ஒழுகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே அவருக்குச் செய்யும் உதவி.

அப்படியானால், வயிறு நிறைந்த நிலையில் உடனே அறுவை செய்தாகவேண்டியவர்களின் கதி என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். மயக்க மருந்தையும் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் அடுத்தடுத்து விரைந்து செலுத்தி, இடையில் கணமும் வீணாக்காமல் மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செருகிவிடுவார்கள். குழாயைச் சுற்றியுள்ள சிறிய பலூனில் காற்றை நிரப்பினால், மூச்சுவழியின் பக்கங்கள் அடைபட்டுவிடும்; மேலிருந்து ஒன்றும் எளிதில் இறங்காது. குழாயைச் செருகும் வரையில், குரல்வளைக்குக் கீழுள்ள வளையக் குருத்தெலும்பை விரலால் அழுத்தி, பின்னாலுள்ள உணவுக்குழலை நெரித்து மூடலாம் என்று இங்கிலாந்து நாட்டு பிரையன் செல்லிக் 1961இல் எழுதினார். இந்த அழுத்தம் எவ்வளவு பயன்தருகிறது என்பது பற்றி இன்று கருத்து வேறுபாடு இருக்கிறது. விரைந்து குழாய் செருகும் முறை மட்டும் நிலைத்து நிற்கிறது.

இப்போது அந்தத் தம்ளர்ப் பாலுக்குத் திரும்பிவருவோம். வயிற்றில் உணவு இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் கையில் கருவி இருக்கிறது, முறை இருக்கிறது; அவசரமில்லையென்றால் சில மணி நேரம் பொறுத்திருக்கவும் இடமிருக்கிறது. இல்லை என்று சொல்லப்பட்டால், அவர் அந்த முறைகளை நாடவே மாட்டார். பால் குடித்ததைக் காட்டிலும் குடிக்கவில்லை என்று சொன்னதே கொடிது. அறுவை ஒருநாள் தள்ளிப்போவதனால் வரும் நட்டம், விடுப்பும் வண்டிச் செலவும் கொஞ்சம் மன வருத்தமுந்தான். இதனை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சினமின்றி எடுத்துச் சொல்லக்கூடியவர், படித்த பிள்ளையே.

உண்டதை மறைப்பது போலவே, உட்கொள்ளும் மருந்தை மறைப்பதும் நம்மிடையே உண்டு. லேகியமும் சூரணமும் மருந்தென்றே சிலர் நினைவுக்கு வருவதில்லை. இருக்கும் மாத்திரை அட்டைகளையும் புட்டிகளையும் அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவர் முன் வைத்துவிடுவது நல்லது. எதை நிறுத்துவது, எதை ஒரு மிடறு நீரோடு விழுங்குவது என்பது அவர் முடிவு. உண்ணாமலிருக்கும் காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டால் குருதியில் சர்க்கரை தாழ்ந்து நினைவே தப்பும். குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்தோடு கத்திக்கு ஆளானால் குருதி நிற்காது. ஆனால் இதயக் குழாயில் வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் அம்மருந்தைத் தாமே நிறுத்தினால், அங்கே குருதி உறைந்து மாரடைப்பு வரலாம். ஈளைக்காகவோ மூட்டு வலிக்காகவோ ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்டவரின் உடல், நெருக்கடிக்கு வேண்டிய அந்தச் சுரப்பைத் தானே ஆக்கும் ஆற்றலை இழந்திருக்கும். மருத்துவர் அறிந்தால் ஊசி வழியே ஈடுசெய்வார்.

குடும்ப வரலாறு ஒன்றையும் கேட்பார்கள்: "உங்கள் வீட்டில் யாருக்கேனும் அறுவைக்குப் பின் நினைவு திரும்பவோ மூச்சு விடவோ நெடுநேரம் ஆயிற்றா?" வீண் கேள்வியென்று எண்ணவேண்டா. குழாய் செருகும்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்துகளுள் சக்சமெத்தோனியம் என்பதொன்று. குருதியிலுள்ள ஒரு நொதிப்பொருள் அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்குத் தசைகள் மணிக்கணக்கில் அசையா. அதுவரையில் கருவியே அவர்களுக்கு மூச்சளிக்கவேண்டும். உலகில் அரிதான இக்குறை, கோயம்புத்தூர்ப் பகுதியில் வாழும் வைசிய சமூகத்தாரிடையே வியக்கத்தக்க அளவில் காணப்படுவதைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிற நாட்டு அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006இல் வெளியிட்டார்கள். அன்றாட வாழ்வில் இக்குறையால் ஒரு தொல்லையும் இல்லை. அறுவைக் கூடத்தில்தான் அது வெளிப்படும். அத்தை மகளுக்கோ சிறிய தந்தைக்கோ நடந்ததைப் பாட்டி ஒருத்திதான் அறிந்திருப்பாள். முன்கூட்டியே அவளைக் கேட்டுவைப்பது இளையவர்களின் வேலை.

இனிச் சில சிறு செய்திகள். ஆடும் பல்லையும் கட்டுப் பல்லையும் பற்றிச் சொல்லிவிடவேண்டும். குழாய் செருகும்போது பல் கழன்று உள்ளே விழலாம். வெற்றிலையும் புகையிலையும் அன்று வேண்டா. விரலில் மாட்டும் சிறு கருவியொன்று, ஒளியைச் செலுத்திக் குருதியிலுள்ள ஆக்சிஜனின் அளவைக் காட்டும். அதன் தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்டார். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் அவ்வொளியைத் தடுக்கலாம் என்பதால், திருமணத்துக்கு இட்டதுபோல் கைந்நிறைய மருதாணியிட்டுக்கொண்டு அறுவைக்குப் போகலாகாது. மயிரை வீட்டில் சவரக் கத்தியால் மழித்துக்கொண்டு போவதும் வேண்டாத வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் குடியேறும். அகற்றத்தான் வேண்டுமென்றால் அங்கே கத்தரிக் கருவியால் அகற்றுவார்கள்.

அறுவைக் கூடத்துக்குள் நுழைவதற்குள் உங்கள் பெயரையும், எந்தப் பக்கத்தில் என்ன அறுவை என்பதையும், எப்போது உண்டீர்கள் என்பதையும் மூவர் நால்வர் கேட்பார்கள். "இப்போதுதானே சொன்னேன்!" என்று சலித்துக்கொள்பவர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த பத்தொன்பது வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலின் வேலை அது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டபோது, அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நான்காம் முறை கேட்டாலும் முதல் முறை சொன்னது போலவே முழுமையாகச் சொல்லவேண்டும்.

எல்லாம் முடிந்து கண் திறந்ததும் நோயாளி கேட்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வாய் வறண்டிருக்கும், உதடு ஒட்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் கை உடனே தம்ளரை நோக்கி நீளும். அப்போதும் செவிலியரைக் கேட்டே கொடுக்கவேண்டும். கண் விழிப்பதும் பேசுவதும் முன்னால் வந்துவிடும். புரையேறும் ஆற்றல் சற்றுப் பின்னால்தான் வரும். அதுவரையில் ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கலாம். அனுமதி கிடைத்ததும், தலையை உயர்த்திவைத்து, கரண்டியால் ஒரு மிடறு கொடுத்து, அவர் நன்றாக விழுங்கிவிட்டாரா என்று பார்த்து, பிறகு அடுத்த மிடற்றைக் கொடுக்கவேண்டும்.